இரண்டு கணக்கு அரியர், இரண்டு வெவ்வேறு காரணம்: கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், 2021 ரெகுலேஷன். மூன்றாம் செமஸ்டர் ரிசல்ட் வந்தபோது மாணவியின் கையில் இரண்டு அரியர் இருந்தன. ஒன்று முதல் செமஸ்டரின் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்', மாணவர் பேச்சில் எம் ஒன். மறுபடி எழுதியும் 31 மதிப்பெண்தான். மற்றொன்று 'டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ்', 29. பைதான், சி, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் மூன்றிலும் நல்ல தேர்ச்சி. லிங்க்டு லிஸ்ட்டைத் திருப்பும் புரோகிராமை யார் உதவியும் இல்லாமல் எழுதுவார். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, தமிழ்வழி. கணக்கில் நூற்றுக்கு 52.

இவர் ஒரு தனி ஆள் அல்லர். இத்தகைய விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளைக் கோத்து அமைத்த மாதிரி இது. மதிப்பெண் பிரிப்பும் அந்த மாதிரிக்கு உரியது. பிழைகள் மட்டும் உண்மையானவை. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவருக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்த பிறகு, நிரலில் கை ஓடியும் கணக்கில் தடுக்கும் இந்த வகை மாணவரை வகுப்பறைகளில் கூடுதலாகப் பார்க்கிறோம். அவர்களிடம் கேட்டால் 'எனக்குக் கணக்கு வராது' என்பார்கள். அது உடம்பு சரியில்லை என்று சொல்வது போல. எங்கே வலிக்கிறது என்று பார்க்காமல் மருந்து கொடுக்க முடியாது.

முதலில், தாளின் அமைப்பு

கணக்குத் தாளில் ஐந்து யூனிட். பகுதி 'ஏ'யில் பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், யூனிட்டுக்கு இரண்டு. பகுதி 'பி'யில் யூனிட்டுக்கு ஒன்றாக ஐந்து பதினாறு மதிப்பெண் கேள்விகள். பெரும்பாலும் எட்டு, எட்டு எனப் பிரிந்து வரும். 'இது அல்லது அது' என்ற தெரிவு அதே யூனிட்டுக்குள் மட்டுமே உண்டு. ஆகவே ஒரு யூனிட் என்பது 20 மதிப்பெண். ஒன்றை விட்டால் உச்சவரம்பு 80, இரண்டை விட்டால் 60. பல்கலைக்கழகத் தேர்வில் குறைந்தது 45 வேண்டும் என்பதால், இரண்டு யூனிட்டை விட்டவர் மீதியில் நான்கில் மூன்று பங்கைப் பிழையின்றி எழுதியாக வேண்டும். கணக்கில் தடுமாறுபவருக்கு அது நடக்காத காரியம். 'மூணு யூனிட் படிச்சா பாஸ்' என்று சீனியர்கள் தரும் அறிவுரைதான் அரியர்களைப் பெற்றுப் போடுகிறது.

இன்டர்னல் 40, எழுத்துத் தேர்வு 60-க்குச் சுருக்கப்படும். இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும். இந்த மாணவிக்கு எம் ஒன் இன்டர்னல் 24. தேர்வில் 45 எடுத்தால் அது 27 ஆகும், கூட்டினால் 51. தேறிவிடலாம். இன்டர்னல் 20-க்குக் கீழே போயிருந்தால் தேர்வில் 50-ஐத் தாண்ட வேண்டியிருக்கும். இன்டர்னலைக் கோட்டை விடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இல்லை.

அடுத்த வேலை விடைத்தாளின் ஃபோட்டோ காபி வாங்குவது. ரிசல்ட் வந்த சில நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மறுமதிப்பீட்டுக்காக மட்டும்தான் அதை வாங்குவார்கள். ஆனால் அதன் பெரிய பயன், இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணும் எதனால் போனது என்று சிவப்பு மையில் எழுதிப் பார்க்க முடிவது.

எம் ஒன்: 69 மதிப்பெண் போன வழி

எழுதாமல் விட்ட யூனிட் ஒன்று, மல்டிபிள் இன்டெக்ரல்ஸ்: 20. குறியும் அடைப்புக்குறியும் தவறியதால்: 14. கேள்வி புரியாததால்: 12. சூத்திரம் மறந்ததால்: 8. நேரம் போதாமல் முடிக்காதவை: 15.

அந்த 14-க்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். கேள்வி, 3×3 அணியின் ஐகன் மதிப்புகளும் ஐகன் வெக்டர்களும், எட்டு மதிப்பெண். அணியின் முதல் வரிசை 8, −6, 2. இரண்டாவது −6, 7, −4. மூன்றாவது 2, −4, 3. வகுப்பில் எல்லாரும் கற்கும் குறுக்குவழி: எஸ் ஒன் என்பது மூலைவிட்டக் கூட்டல், எஸ் டூ என்பது மூலைவிட்ட உறுப்புகளின் மைனர்களின் (அந்த உறுப்பின் வரிசையையும் நிரலையும் நீக்கினால் கிடைக்கும் 2×2 டிடெர்மினன்ட்) கூட்டல், எஸ் த்ரீ என்பது டிடெர்மினன்ட். இவை கெழுக்களாக வரும் முப்படிச் சமன்பாட்டைத் தீர்த்துக் கிடைக்கும் லாம்டாவின் மதிப்புகளே ஐகன் மதிப்புகள். இங்கே எஸ் ஒன் 18. எஸ் டூவின் முதல் மைனர் 7×3 கழித்தல் (−4)×(−4), அதாவது 21−16 = 5. மற்ற இரண்டும் 20, 20. மொத்தம் 45. டிடெர்மினன்ட் 0. விடை 0, 3, 15.

மாணவி எழுதியது: 21 − −4 × −4. அடைப்புக்குறி இல்லை. அடுத்த வரியில் இரண்டு கழித்தல் குறிகள் சேர்ந்து கூட்டலாகி, மூன்றாவது குறி விடுபட்டு, 21+16 = 37 ஆனது. மூன்றாம் மைனரிலும் அதே பிழை: 56−36 = 20 வர வேண்டிய இடத்தில் 56+36 = 92. எஸ் டூ 149. டிடெர்மினன்டை 0 என்றே சரியாகப் போட்டிருந்தார். லாம்டாவின் ஒரு மதிப்பு 0. மீதமுள்ள இருபடிச் சமன்பாட்டின் வேர்க்குறிக்குள் 324−596, அதாவது −272. கால்குலேட்டர் கற்பனை எண்ணைக் காட்டியது. எங்கே தவறு என்று தெரியாமல் கணக்கை மூன்று முறை முதலிலிருந்து போட்டார். மூன்று முறையும் அதே வரியில் அதே பிழை. 14 நிமிடத்தில் முடிய வேண்டிய கேள்வி 40 நிமிடத்தை விழுங்கியது. 'நேரம் போதவில்லை' என்ற 15 மதிப்பெண் இழப்பின் பெரும்பகுதி இங்கேதான் பிறந்தது. இரண்டு வேறு காரணங்களாகத் தோன்றிய 14-உம் 15-உம் ஒரே வேரில் முளைத்தவை. எட்டாம் வகுப்பு அடைப்புக்குறி அது. கால்குலஸுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

இந்தப் பிழையைப் பிடிக்கும் பொறியும் பாடத்திலேயே இருக்கிறது. மெய்யெண்களால் ஆன சமச்சீர் அணிக்கு ஐகன் மதிப்புகள் எல்லாம் மெய்யெண்களே. கற்பனை எண் வந்ததுமே பிழை எஸ் டூவில் அல்லது டிடெர்மினன்டில் என்று தெரிந்துவிடும். மற்ற பக்கங்களைப் புரட்ட வேண்டாம். விடை கிடைத்த பின், ஐகன் மதிப்புகளின் கூட்டல் எஸ் ஒன்னுக்குச் சமமா, பெருக்கல் டிடெர்மினன்டுக்குச் சமமா என்று பார்க்க அரை நிமிடம் போதும்: 0+3+15 = 18. இந்தச் செய்தியை இரண்டு மதிப்பெண் கேள்விக்கான விடையாக மனப்பாடம் செய்திருந்தார். சரிபார்க்கும் கருவியாக அது கைக்கு வரவில்லை.

'கேள்வி புரியாத' 12 மதிப்பெண், மொழியின் பக்கம். 'எக்ஸ்ட்ரீம் வேல்யூஸ்' காண்க என்ற எட்டு மதிப்பெண் கேள்வியைத் தொடவே இல்லை. பெருமம், சிறுமம் காண அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஆங்கிலச் சொல் தெரியாது. இன்னொன்று கெய்லி ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்த்து, 'ஹென்ஸ்' நேர்மாறு காண்க என்பது. அவர் அட்ஜாயின்ட் முறையில் நேர்மாறைச் சரியாகவே கண்டார். நான்கு மதிப்பெண் போயிற்று. 'ஹென்ஸ்' என்றால் 'இதைக் கொண்டே' என்று பொருள். மேலே நிறுவியதைப் பயன்படுத்தாத விடைக்கு அங்கே மதிப்பெண் இல்லை.

குறிப்பிழை, நேரம் இரண்டிலும் போன 29-இல் பாதியும், மொழியால் போன 12-உம் திரும்பினால் 31 என்பது 57 ஆகிறது. புதிதாக ஒரு யூனிட்டும் படிக்காமல்.

டிஸ்கிரீட்: அதே மாணவி, வேறு நோய்

இந்தத் தாளில் அடைப்புக்குறிப் பிழை கிட்டத்தட்ட இல்லை. 71 மதிப்பெண் இழப்பில், நிறுவல் கேள்விகளில் 22, எண்ணிக்கைக் கணக்குகளில் 16, பயந்து விட்டுவிட்ட அல்ஜிப்ராயிக் ஸ்ட்ரக்சர்ஸ், லாட்டிஸ் இரண்டிலும் 30, நேரத்தால் 3. எம் ஒன்னுக்குச் செய்த மருத்துவம் இங்கே பலிக்காது.

நிறுவலில் முதல் சிக்கல் 'எல்லா', 'சில' ஆகியவற்றின் மறுப்பு. 'எல்லாரும் வரவில்லை' என்று தமிழில் சொன்னால், ஒருவருமே வரவில்லை என்றும் கொள்ளலாம், சிலர் மட்டும் வந்தார்கள் என்றும் கொள்ளலாம். பேச்சில் குரலும் சூழலும் பொருளைக் காட்டிவிடும். தர்க்கத்தில் அந்த வசதி கிடையாது. 'எல்லா மாணவரும் தேர்ச்சி பெற்றனர்' என்பதன் மறுப்பு 'தேர்ச்சி பெறாத மாணவர் ஒருவராவது உண்டு' என்பதே. மாணவி எழுதியது 'எந்த மாணவரும் தேர்ச்சி பெறவில்லை'. நாம் பேசும் மொழியின் பழக்கம் இது, மூளைக் குறைவு அல்ல. ஆங்கிலவழி மாணவரும் தங்கள் மொழியில் இதே இடத்தில் வழுக்குகிறார்கள்.

இவருக்குக் கைவந்த பைதானே இங்கே ஊன்றுகோல். 'ஆல்', 'எனி' என்று இரண்டு ஃபங்ஷன்கள் இருக்கின்றன. பட்டியலில் எல்லாம் உண்மையா என்று 'ஆல்' பார்க்கும். ஒன்றாவது உண்மையா என்று 'எனி' பார்க்கும். 'ஆல்' பொய் என்று திருப்பித் தர ஒரே ஒரு பொய் போதும். இதை நாலைந்து பட்டியல்களில் ஓட்டிப் பார்த்தவர் மறுப்பில் மறுபடி தவறுவது அரிது. வெற்றுப் பட்டியலுக்கு 'ஆல்' உண்மை என்று சொல்வதைப் பார்த்தபோதுதான், வெற்றுக் கணத்தின் உறுப்புகள் எல்லாவற்றுக்கும் எந்தக் கூற்றும் உண்மை என்று புத்தகம் சொல்வது விளங்குகிறது.

இரண்டாவது, ஒரே எழுத்தை இரண்டு வேலைக்கு வைப்பது. இரண்டு ஒற்றை எண்களின் கூட்டல் இரட்டை எண் என்று நிறுவச் சொன்னால், 2க+1 கூட்டல் 2க+1 = 4க+2 என்று எழுதிவிடுகிறார். விடை இரட்டைதான், ஆனால் நிறுவப்பட்டது 'ஓர் ஒற்றை எண்ணை அதனோடே கூட்டினால்' என்பது மட்டும். 2க+1, 2ம+1 என்று இரண்டு எழுத்து வேண்டும். இரண்டு வேரியபிளுக்கு ஒரே பெயர் வைத்தால் நிரலில் என்ன ஆகும் என்று கேட்டால் உடனே பிடித்துக்கொள்வார்.

மூன்றாவது தொகுத்தறிதல், அதாவது இண்டக்ஷன். 1 முதல் க வரை கூட்டினால் க(க+1)/2 என்று கொண்டு, அடுத்ததற்கு நிறுவ வேண்டும். க(க+1)/2 + (க+1) என்ற வரி வரை சரியாக வருகிறார். அதன்பின் எல்லாவற்றையும் பெருக்கி விரித்து, இருபடிக் கோவையில் சிக்கி, கடைசி வரியில் விடையை ஒட்டவைத்து 'எனவே நிறுவப்பட்டது' என்கிறார். திருத்துபவருக்கு அந்த ஒட்டு கண்ணில் படாமல் இராது. செய்ய வேண்டியது (க+1)-ஐப் பொதுக்காரணியாக வெளியே எடுப்பது: (க+1)(க/2 + 1) = (க+1)(க+2)/2. ஒன்பதாம் வகுப்புக் காரணிப்படுத்தல். இன்னொரு பிழை, 2-இன் க அடுக்கை இருமுறை கூட்டினால் 4-இன் க அடுக்கு என்று எழுதுவது. 2-இன் (க+1) அடுக்கு என்பதே சரி. 3 என்று இட்டுப் பார்த்தால் தெரியும்: 8+8 = 16, 64 அல்ல.

இண்டக்ஷனின் உள்ளமைப்பை இவருக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அதை ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) என்ற பெயரில் அவர் ஏற்கனவே எழுதிக்கொண்டிருக்கிறார். நிற்கும் இடம், சிறிய கணக்குக்கு விடை கிடைத்துவிட்டதாக நம்புதல், அதைக் கொண்டு பெரியதைச் செய்தல். அந்த நம்பிக்கைதான் 'க-வுக்கு உண்மை எனக் கொள்க' என்ற வரி.

எண்ணிக்கைக் கணக்குகளில் போனது ஏறக்குறைய முழுவதும் ஒரே இடம்: இரண்டு முறை எண்ணுவது. 8 பிட் சரங்களில் (0, 1 மட்டும் கொண்ட எட்டு இலக்கத் தொடர்கள்) 1-இல் தொடங்குபவை அல்லது 00-இல் முடிபவை எத்தனை? 128 கூட்டல் 64 என 192 எழுதினார். இரண்டும் பொருந்தும் 32 சரங்கள் இருபுறமும் எண்ணப்பட்டுவிட்டன, விடை 160. மொத்தமே 256 சரங்கள்தானே, நாலு வரி நிரலில் எல்லாவற்றையும் ஓட்டி எண்ணிவிடலாம். சிறிய அளவில் நிரலால் எண்ணி, பிறகு காகிதத்தில் அதே எண் வருகிறதா என்று பார்ப்பதை இந்த யூனிட்டின் ஒவ்வொரு கணக்குக்கும் பழக்கமாக்க வேண்டும். விடைப் பக்கத்தைப் பார்ப்பதைவிட இது நல்லது; எங்கே தடம் மாறியது என்பதையும் நிரல் அச்சிட்டுக் காட்டும்.

விட்டுவிட்ட 30 மதிப்பெண்ணில் பாதி பயம்தான். லாட்டிஸ் யூனிட்டின் பின்பாதியான பூலியன் அல்ஜிப்ராவை 'டிஜிட்டல் பிரின்சிபிள்ஸ்' தாளில் ஏற்கனவே படித்துத் தேறியிருக்கிறார். பெயர் மாறியதால் அடையாளம் தெரியவில்லை. குரூப் என்றால் என்ன என்பதற்கு இரண்டு சிறு அட்டவணை போதும். 1, 2, 3, 4 ஆகியவற்றை 5-ஆல் வகுத்த மீதியில் பெருக்கினால் எல்லா வரிசையிலும் 1 வருகிறது. ஒவ்வொன்றுக்கும் நேர்மாறு உண்டு. 1 முதல் 5 வரை 6-ஆல் வகுத்த மீதியில் பெருக்கினால் 2×3 = 0 ஆகி, கணத்தை விட்டே வெளியேறிவிடுகிறது. முதலாவது குரூப், இரண்டாவது இல்லை. இந்த அட்டவணைகளைக் கையால் போட்ட பிறகு லெக்ராஞ்ச் தேற்றத்தைப் படித்தால் அது மனப்பாடச் சுமையாக இராது.

பதினாறு வாரம்

முதல் பதினான்கு வாரம் நாளுக்கு 45 நிமிடம், வாரம் ஆறு நாள், மொத்தம் 63 மணி நேரம். கடைசி இரண்டு வாரம் முழுநீளப் பழகுதாள்களுக்கு. நான்காம் செமஸ்டர் வகுப்புகள் நடந்துகொண்டிருக்கும்போதே செய்யக்கூடிய அளவு.

முதல் நான்கு வாரம் எம் ஒன் புத்தகத்தைத் திறக்கவே கூடாது. பெற்றோருக்கும் மாணவிக்கும் இதுதான் தாங்கமுடியாத பகுதி. தேர்வு வருகிறதே என்ற பதற்றம். ஆனால் கை சரியாகாமல் ஐகன் மதிப்புக்கு ட்யூஷன் போனால், தவறான விடைக்கு வேகமாகப் போய்ச் சேரக் கற்றுக்கொள்வார், அவ்வளவே. தினம் 20 சிறு கணக்கு: அடைப்புக்குறி முன் கழித்தல் குறி, பின்னம், அடுக்கு, மடக்கை, பொதுக்காரணி. கழித்தல் குறியுள்ள எண்ணை எங்கே இட்டாலும் அடைப்புக்குறிக்குள் இட வேண்டும் என்பது விலக்கில்லாத விதி. 15 நிமிடத்தில் 20 கணக்கு, அதிகபட்சம் ஒரு பிழை. இது மூன்று நாள் தொடர்ந்து வந்தால்தான் அடுத்த கட்டம். சிலருக்கு இரண்டு வாரத்திலேயே வந்துவிடும்.

மீதி அரை மணி நேரம் மாநிலப் பாடத்திட்ட 11, 12-ஆம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களுக்கு. தமிழ்வழிப் புத்தகமும் ஆங்கிலவழிப் புத்தகமும் ஒரே பாடம், ஒரே வரிசை, ஒரே கணக்கு. இரண்டும் இணையத்தில் இலவசம். பக்கத்தில் பக்கம் வைத்துப் படித்தால் அதைவிட நல்ல அகராதி இல்லை. மடக்கை–லாகரிதம், அணிக்கோவை–டிடெர்மினன்ட், சிற்றணிக்கோவை–மைனர், இணைக்காரணி–கோஃபாக்டர், நேர்மாறு–இன்வெர்ஸ், சார்பு–ஃபங்ஷன் என்று இரண்டு பத்தி நோட்டு ஒன்று. அறுபது சொல் சேர்ந்தால் இரண்டு தாளுக்கும் போதும். பதினொன்றாம் வகுப்பில் வரிசை மாற்றம், சேர்வு, தொகுத்தறிதல் உள்ள நான்காம் பாடமும், பன்னிரண்டில் கடைசிப் பாடமான தனிநிலைக் கணிதமும் கட்டாயம். கடைசிப் பாடம் என்பதால் பல பள்ளிகளில் அதை ஓட்டமாக ஓட்டியிருப்பார்கள். டிஸ்கிரீட்டின் மெய்ப்பட்டியல் (ட்ரூத் டேபிள்) எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

ஐந்தாம் வாரம் முதல் பத்தாம் வாரம் வரை எம் ஒன், பதினான்கு வரை டிஸ்கிரீட். எம் ஒன்னில் மேட்ரிசஸ், டிஃபரென்ஷியல் கால்குலஸ், பல மாறிச் சார்புகள் என்ற வரிசை. விட்டுவிட்ட மல்டிபிள் இன்டெக்ரல்ஸில் இரண்டு மதிப்பெண் கேள்விகளும், எல்லைகள் மாறிலியாக உள்ள எட்டு மதிப்பெண் கணக்கும் மட்டும் முதலில். வரிசை மாற்றித் தொகையிடும் கணக்கு, படம் வரையக் கை பழகிய பின். டிஸ்கிரீட்டில் லாஜிக், கிராஃப், காம்பினடோரிக்ஸ் முன்னே. கிராஃப் யூனிட் இவருக்கு எளிது: புள்ளிகளின் டிகிரிக் கூட்டல் விளிம்புகளைப் போல இருமடங்கு என்பது அட்ஜசென்சி லிஸ்டின் (ஒவ்வொரு புள்ளியோடும் இணைந்த புள்ளிகளின் பட்டியல்) நீளத்தை எண்ணியவருக்குத் தெரிந்த உண்மையே.

அதே நேரத்தில் நான்காம் செமஸ்டர்

அல்காரிதம்ஸ் தாளும் தியரி ஆஃப் கம்ப்யூடேஷனும் இந்தச் செமஸ்டரில்தான். அரியரை முடிப்பதில் மூழ்கி இவற்றை விட்டால் மூன்றாவது அரியர் உறுதி. நல்ல வேளையாக, அல்காரிதம்ஸுக்குக் கால்குலஸ் ஏறக்குறைய வேண்டாம். மடக்கையும் தொடர்க்கூட்டலும் வேண்டும்.

மடக்கையை 'எத்தனை முறை பாதியாக்கலாம்' என்று மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி தாள் திறக்கும். 10,00,000 உறுப்புள்ள வரிசையில் பைனரி சர்ச் செய்ய ஏறத்தாழ 20 ஒப்பீடு, ஏனெனில் 2-இன் 20 அடுக்கு 10,48,576. அதே வரிசையை ஏறுமுகமாக அடுக்க மெர்ஜ் சார்ட்டுக்கு ஏறத்தாழ 2 கோடி வேலை; பபிள் சார்ட்டுக்கு லட்சம் கோடி அளவில். நொடிக்கு 10 கோடி வேலை செய்யும் என்று கொண்டால் மெர்ஜ் சார்ட் 0.2 நொடி, பபிள் சார்ட் 10,000 நொடி, அதாவது இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல். இந்த வித்தியாசத்தைச் சொந்த லேப்டாப்பில் ஒரு முறை ஓட்டிக் காத்திருந்தவருக்கு மடக்கை வெறும் குறியீடாக இராது.

ரெக்கரன்ஸில் (பெரிய கணக்கின் வேலையைச் சிறிய கணக்கின் வேலையால் சொல்லும் சமன்பாடு) எல்லாரும் அதற்கு நேரடி விடை தரும் மாஸ்டர் தியரத்தை மனப்பாடம் செய்து, மூன்று நிலைகளில் எது பொருந்தும் என்று குழம்புகிறார்கள். அதற்கு முன் அட்டவணை போட வேண்டும். 'ந உறுப்புக்கான வேலை = பாதியளவு கணக்கு இரண்டு + ந', ஓர் உறுப்புக்கு 0 என்று கொள்வோம். 2-க்கு 2, 4-க்கு 8, 8-க்கு 24, 16-க்கு 64. ஒவ்வொன்றையும் அதன் அளவால் வகுத்தால் 1, 2, 3, 4: அதுவே மடக்கை. பதில் கண்முன்னே உருவாகிறது. தேற்றம் அதை உறுதி செய்யத்தான். லூப்களுக்கும் இதே வழி: கவுன்டர் ஒன்றை உள்ளே வைத்து, அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் கவுன்டர் எப்படி வளர்கிறது என்று பார்ப்பது. ஒன்று கூடினால் மடக்கை, இரண்டு மடங்கானால் நேர்க்கோடு, நான்கு மடங்கானால் வர்க்கம்.

தியரி ஆஃப் கம்ப்யூடேஷனில் பம்பிங் லெம்மாதான் பலரை வீழ்த்துவது. ஒரு மொழியை, அதாவது சரங்களின் தொகுதியை, வரம்புள்ள நினைவு கொண்ட இயந்திரத்தால் அடையாளம் காண முடியாது என்று நிறுவும் கருவி அது. இங்கேயும் 'எல்லா', 'சில' சிக்கலே, நாலு அடுக்காக. இதை எதிராளியோடு ஆடும் ஆட்டமாகக் கொள்ள வேண்டும். நீளத்தைச் சொல்வது எதிராளி. சரத்தைத் தேர்வது நாம். அதை மூன்று துண்டாக வெட்டுவது எதிராளி. நடுத்துண்டை எத்தனை முறை திருப்பி எழுதுவது என்பது நாம். மாணவர் செய்யும் தவறு எப்போதும் மூன்றாம் காய்: வெட்டும் உரிமையைத் தாமே எடுத்துக்கொண்டு, தமக்கு வசதியான ஒரு வெட்டுக்கு மட்டும் நிறுவுகிறார்கள். 0-க்களும் அதே எண்ணிக்கையில் 1-களும் வரும் மொழிக்கு, எதிராளி சொன்ன நீளத்துக்கு 0-க்களை வைத்து அதே அளவு 1-களை வைத்தால், முதல் இரண்டு துண்டும் அந்த நீளத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் எங்கே வெட்டினாலும் நடுத்துண்டில் 0 மட்டுமே இருக்கும். இருமுறை எழுதினால் 0 மிகும். 'எங்கே வெட்டினாலும்' என்ற அந்த ஒரு தொடர் விடைத்தாளில் இருக்கிறதா என்றுதான் திருத்துபவர் தேடுவார்.

மெஷின் லேர்னிங்கில் பேயஸ் தேற்றம் வரும்போது சதவீதத்தைத் தலைகளாக மாற்றிவிட வேண்டும். நோய் 100-இல் ஒருவருக்கு. நோயாளிகளில் 90 சதவீதத்தைச் சோதனை பிடிக்கும். நோயில்லாதவர்களில் 5 சதவீதத்தைத் தவறாகக் காட்டும். 10,000 பேர் என்று கொண்டால் 100 நோயாளிகளில் 90 பேரும், 9,900 பேரில் 495 பேரும் 'உண்டு' என்று காட்டப்படுவர். 585 பேரில் 90 பேருக்கே உண்மையில் நோய். ஏறத்தாழ 15 சதவீதம். சூத்திரத்தில் தலைகீழாக இடும் பிழை இதில் நேராது.

திட்டம் எங்கே உடைகிறது

பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில். பள்ளிக் கணக்கைப் போடுவது அவமானமாகத் தோன்றி, அறைத்தோழியர் பார்க்கிறார்கள் என்று நிறுத்திவிடுவார். உடன் ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்வது உதவும்; இருவர் தாள் மாற்றித் திருத்தினால் குறிப்பிழை வேகமாகக் கண்ணில் படும்.

அடுத்தது வீடியோ. ஒரு கணக்கைப் பிறர் போடப் பார்ப்பது புரிந்த உணர்வைத் தரும். கையில் எதுவும் ஏறாது. பார்க்கலாம், ஆனால் அதே கணக்கை எண்களை மாற்றி, வீடியோவை மூடிவிட்டு, போட்டு முடித்தால்தான் அது கணக்கில் சேரும். விடையை மென்பொருள் உடனே தந்துவிடும் காலம் இது. பைதானின் சிம்பை நூலகம் ஐகன் மதிப்பை ஒரு வரியில் தரும். கையால் போட்ட பிறகு சரிபார்க்க அதைவிட நல்ல துணை இல்லை. முன்னால் வைத்தால் நாலு வார உழைப்பும் வீண்.

கால்குலேட்டரில் ஒரு பொறி உண்டு. ஸ்டாடிஸ்டிக்ஸ் அண்ட் நியூமெரிகல் மெத்தட்ஸ் தாளில் நியூட்டன் ராஃப்சன் முறைக்கு வழக்கமாக வரும் கணக்கு: மூன்று மடங்கு எக்ஸ், காஸ் எக்ஸ் கூட்டல் ஒன்றுக்குச் சமம். விடை 0.6071. கால்குலேட்டர் டிகிரியில் இருந்தால் 0.6666 என்று அழகாக ஒருங்கி நிற்கும். தவறு என்று தோன்றவே தோன்றாது. தேர்வு அறையில் உட்கார்ந்ததும் திரையில் ரேடியன் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசி இரண்டு வாரத்தில் பழைய கேள்வித்தாள் நான்கு, ஒவ்வொன்றும் முழு மூன்று மணி நேரம், கடிகாரம் வைத்து. பகுதி 'ஏ'க்கு 25 நிமிடம், பதினாறு மதிப்பெண் கேள்விகளுக்குத் தலா 28, மிச்சம் 15 நிமிடம் குறிகளையும் கூட்டல் பெருக்கல் சரிபார்ப்பையும் பார்க்க. 28 நிமிடம் முடிந்தால் விடை வராவிட்டாலும் அரைப்பக்கம் இடம் விட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். படிகளுக்கு மதிப்பெண் உண்டு. முதல் பழகுதாளில் இது முடியாது. கேள்வியைப் பாதியில் விட மனம் வராது. நாலாவது தாளில்தான் அந்தக் கை வரும், அதற்காகத்தான் நாலு தாள்.